ஏழு புத்தகமாக வெளியே வராத கை

மூன்றாவது மாடிப் பல்லுக்காரிக்குக் கை வரைய வராது.

இந்த உண்மை அந்தக் கட்டடத்தில் இரண்டே பேருக்குத்தான் தெரியும். ஒன்று அவள், இன்னொன்று அவள் புருஷன். புருஷன் லிஃப்ட் பழுதுபார்க்கிறவர். நாளுக்கு நாற்பது பேரோடு ஒரு சின்னப் பெட்டிக்குள் நின்று வாயாடுகிற தொழில். அப்படிப்பட்டவர் இந்த ஒரு விஷயத்தை மட்டும் ஏழு வருடம் வயிற்றுக்குள் வைத்திருந்தார் என்றால், அதைப் பிரியம் என்று சொல்வதா பயம் என்று சொல்வதா, அவரவர் வீட்டு அனுபவத்தை வைத்து முடிவு செய்துகொள்ள வேண்டியதுதான்.

பல்லுக்காரி என்றதும் பல் பிடுங்குகிறவள் என்று நினைத்துவிடக் கூடாது. பேருந்து நிறுத்தத்துக்கு எதிரே ஒரு பல் கூடம் இருக்கிறது. மருத்துவர்கள் ஊரார் வாயில் அச்செடுத்து அங்கே அனுப்புவார்கள். இவள் அந்த அச்சில் பிளாஸ்டர் மாவு ஊற்றித் தாடையை எடுத்து, மெழுகில் பல்லைச் செதுக்கி, கட்டுப்பல்லாக்கி அனுப்புவாள். பதினாறு வருடமாக அதே நாற்காலி. தெருவில் யாராவது வாய்விட்டுச் சிரித்தால், என்ன நகைச்சுவை என்று கேட்கமாட்டாள். அந்தப் பல் தன் வேலையா வேறு கூடத்து வேலையா என்றுதான் பார்ப்பாள்.

அது பிழைப்பு. உயிர் வேறு இடத்தில் இருந்தது. சாப்பாட்டு மேஜையின் ஒரு மூலையை மைப்புட்டிகளால் மடக்கிப் போட்டு, வருடத்துக்கு ஒன்றாகத் துப்பறியும் காமிக்ஸ் வரைந்துகொண்டிருந்தாள். வெறும் கறுப்பு மை, வெள்ளைத் தாள். இடையில் சாம்பல் நிறம்கூடக் கிடையாது. மழை ஓயாத ஒரு நகரம்; அதில் நல்லவர் யார் கெட்டவர் யார் என்று கடைசிப் பக்கம் வரை தெரியாத மனிதர்கள்; அவர்கள் நடுவே காலரைத் தூக்கிவிட்டுக்கொண்டு நடக்கும் ஒரு துப்பறிவாளர். பெயரே கிடையாது. கோட்டுக்காரர் என்றால் போதும். அட்டையில் அவள் பெயரும் இருக்காது. கையெழுத்துக்குப் பதில் ஒரு குட்டிக் கடைவாய்ப்பல்.

முகம் வரைவாள், அப்படியே பேசும். மழை வரைவாள், புத்தகத்தை மூடினால் விரல் ஈரமாயிருக்கிறதா என்று பார்க்கத் தோன்றும். பல்லைப் பற்றிக் கேட்கவே வேண்டாம்; அவள் கதையில் பிணம்கூட வரிசைப் பல்லோடுதான் கிடக்கும். ஆனால் கை என்று வந்துவிட்டால் தீர்ந்தது. ஐந்து விரலை ஓர் உள்ளங்கையோடு சேர்ப்பதற்குள் அது ஒரு சீப்பு வாழைப்பழமாகிவிடும். அழித்து வரைந்தால் நண்டு. அதையும் அழித்தால் தாள் கிழியும்.

ஆடத் தெரியாதவளுக்குக் கூடம் கோணல் என்பார்கள். இவள் கூடத்தையே இருட்டாக்கிவிட்டாள். எங்கெல்லாம் கை வர வேண்டுமோ அங்கெல்லாம் ஒரு நிழல் வந்து விழும். கோட்டுக்காரரின் இரண்டு கையும் முதல் புத்தகத்தின் முதல் கட்டத்தில் கோட்டுப் பைக்குள் போயின, போனதுதான். கதவைத் தோளால் தள்ளுவார். அழைப்பு மணியை முழங்கையால் அழுத்துவார். மூன்றாவது புத்தகத்தில் ஒரு வாக்குமூலத்தில் கையெழுத்துப் போடச் சொன்னபோது, சரியாக அந்த நேரத்தில் தெரு முழுக்க மின்சாரம் போனது. ஐந்தாவதில் கொலைகாரனைப் பிடித்துவிட்டார்; விலங்கு யார் மாட்டுவது? கொலைகாரனே மனம் வெதும்பி, மேஜையில் இருந்த விலங்கை எடுத்துத் தானே மாட்டிக்கொண்டான். அதுவும் இருட்டில்.

வாசகர்கள் இருக்கிறார்களே, நல்ல பிள்ளைகள். இதில் ஏதோ பெரிய மர்மம் இருக்கிறதென்று நம்பி இரண்டு கட்சியாகப் பிரிந்துவிட்டார்கள். கோட்டுக்காரருக்கு விரல் இல்லை என்று ஒரு கட்சி. விரல் இருக்கிறது, கழுவினால் போகாத ரத்தக்கறையும் இருக்கிறது என்று இன்னொரு கட்சி. இணையத்தில் வெட்டு, குத்து, மாய்ந்து மாய்ந்து கட்டுரை. கேட்டுக் கடிதம் எழுதுகிறவர்களுக்கெல்லாம் பல்லுக்காரி ஒரே பதில்தான் போடுவாள்: "பொறுத்திருந்து பாருங்கள்." பார்ப்பதற்கு ஒன்றுமில்லை என்று அவளுக்கல்லவா தெரியும்.

இப்படிச் சுகமாகப் போய்க்கொண்டிருந்த காலத்தில்தான் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் கேம் கம்பெனிக்காரி வந்து சேர்ந்தாள். வீடியோ கேம் செய்கிற மூன்று பேர் கூட்டத்துக்கு அவள் இயக்குநர். வயது இருபத்தெட்டு இருக்கும். கிராப்பு வெட்டிய தலை, தோளில் தன்னைவிடக் கனமான பை. வந்ததும் செருப்பைக் கழற்றிவிட்டு, பல்லுக்காரியின் காலில் விழாத குறையாகக் கும்பிட்டாள்.

"அக்கா, நாங்க அந்தப் பைக்காகத்தான் வந்திருக்கோம்."

"எந்தப் பை?" என்றாள் பல்லுக்காரி, சமையலறைப் பக்கம் பார்த்து.

"கோட்டுப் பை அக்கா! அதுக்குள்ள இருக்கற கை!"

மடிக்கணினியைத் திறந்தாள். திரையில் மழை பெய்தது. ஈரத் தெருவில் விளக்கு நெளிந்தது. மூலை திரும்பி, காலரைத் தூக்கிவிட்டபடி கோட்டுக்காரர் நடந்து வந்தார். ஏழு வருடமாகக் கட்டத்திலிருந்து கட்டத்துக்குத் தாவிக்கொண்டிருந்த மனிதர், முதன்முறையாக அடி மேல் அடி வைத்து நடந்தார். இடது தோள் ஒரு பொடி சாய்ந்திருந்தது, அவள் வரைந்ததுபோலவே. பல்லுக்காரி நாற்காலி நுனிக்கு நகர்ந்தாள். பெற்ற பிள்ளை தளர்நடை போடுவதைப் பார்க்கிறவளைப்போல, "பார்த்து, பார்த்து, தண்ணி கிடக்கு" என்று சொல்ல வாயெடுத்து அடக்கிக்கொண்டாள்.

"இப்ப பாருங்க. மேஜையில ஒரு சாவி இருக்கு. அதை எடுக்கணும். விளையாடறவங்க இந்தப் பட்டனை அழுத்தினா..."

அழுத்தினாள். கோட்டுப் பையிலிருந்து கை வெளியே வந்தது. வந்தது கை இல்லை. சட்டைக் கையின் முனையில் ஒரு இளஞ்சிவப்புக் கட்டை, சோப்புக்கட்டி அளவில்.

"இங்கதான் உங்க கை வேணும் அக்கா. ஏழு புத்தகமா ஜனங்க காத்துக்கிட்டிருக்கற கை. வர்ற சனிக்கிழமை விட்டு அடுத்த சனிக்கிழமை காமிக்ஸ் கண்காட்சி. மேடையில வச்சு முதல் தடவையா வெளியே எடுக்கறோம்."

"அதுக்குள்ள முடியலேன்னா?"

கேம்காரி தலையைச் சொறிந்தாள். "எங்களுக்குப் பணம் போடற மேலிடத்துல ஒரு ஓவியர் வச்சிருக்காங்க. வேகமா வரைவாரு. கையை அவர் வரைஞ்சா முகமும் அவருக்குப் போயிடும், நடையும் போயிடும். பேரு கோட்டுக்காரர்னு இருக்கும், ஆனா ஆளு உங்க ஆளா இருக்கமாட்டாரு. அதுக்குத்தான் நானே ஓடி வந்தேன்."

பல்லுக்காரி நிமிர்ந்து உட்கார்ந்தாள். "கைதானே? அதுக்கென்ன!" என்றாள்.

உள்ளே காப்பி குடித்துக்கொண்டிருந்த புருஷனுக்குப் புரையேறியது.

அந்த வாரம் அந்த வீட்டில் தாளுக்குப் பஞ்சம் வந்துவிட்டது. பல்லுக்காரி வரைந்தாள், கசக்கினாள், வரைந்தாள். புருஷன் ஒவ்வொன்றையும் பொறுக்கி எடுத்து, பிரித்து, வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்து அபிப்பிராயம் சொன்னார்.

"இது என்ன, மண்வெட்டியா?"

"கை."

"சரி சரி, கோவிச்சுக்காதே. ஏன், கையுறை போட்டுவிட்டா என்ன? விரல் தெரியாதில்ல?"

நல்ல யோசனைதான். கையுறை போட்டு வரைந்தாள். அவர் நெடுநேரம் பார்த்தார். "பால் கறக்கலாம் போலிருக்கே" என்றார். அந்தத் தாளும் உருண்டையாகி அவர் தலையிலேயே விழுந்தது.

துப்பறிகிற கதை எழுதுகிறவள்தானே, தானே துப்புத் துலக்கப் புறப்பட்டாள். பேருந்தில் ஏறி ஊரார் கைகளை உற்று உற்றுப் பார்த்தாள். கம்பியைப் பிடித்த கை, சீட்டை மடிக்கிற கை, காதைக் குடைகிற கை. பக்கத்தில் நின்றவர் தன் மோதிரத்தைக் கழற்றிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். எதிரே இருந்த அம்மாள் கைப்பையை மடியிலிருந்து மார்புக்கு உயர்த்தினாள். வியாழக்கிழமை வரை பார்த்ததில் அவள் கண்டுபிடித்த ஒரே துப்பு, உலகத்தில் எல்லாருக்கும் கை இருக்கிறது, அவளுக்குத்தான் பிடிபடவில்லை என்பது.

வெள்ளிக்கிழமை கூடத்தில் ஒரு மருத்துவர் அனுப்பிய வாய் அச்சைக் கழுவிக்கொண்டிருந்தபோது மூளையில் பொறி தட்டியது. வாய்க்கு அச்செடுக்கலாம் என்றால் கைக்கு ஏன் எடுக்கக் கூடாது? தண்ணீரில் கலக்கினால் ரப்பர்போல இறுகுகிற அந்த இளஞ்சிவப்புத் தூள் பொதிந்த பை ஒன்றை முதலாளியிடம் கேட்டு வாங்கிக்கொண்டாள். எதற்கு என்று அவர் கேட்டதற்கு, "வீட்ல ஒரு பெரிய வாய் இருக்கு சார்" என்றாள். அவள் புருஷனைத் தெரிந்தவர், அதனால் மேற்கொண்டு கேட்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணிக்கு, வீட்டில் சாப்பாட்டு மேஜையில் ஒரு பிளாஸ்டிக் வாளி. வாளி நிறைய இளஞ்சிவப்புக் கூழ். அதற்குள் மணிக்கட்டுக்கு மேல் வரை புருஷனின் இரண்டு கைகள்.

"சாவி எடுக்கற மாதிரி வச்சுக்குங்க. இறுக்கிப் பிடிக்காதீங்க."

"சில்லுன்னு இருக்கு."

"பேசாதீங்க."

"நான் வாயையா உள்ள விட்டிருக்கேன்?"

"நீங்க பேசினா கையும் சேர்ந்துதான் பேசுது! ஆட்டாம இருங்க. பத்து நிமிஷம்."

குளிர்ந்த நீரில் கலக்கியிருந்தாள், மெதுவாக இறுகட்டும் என்று. அவள் கைகளிலும் முழங்கை வரை கூழ் அப்பியிருந்தது. அந்த நேரம் பார்த்து அழைப்பு மணி அடித்தது. அந்த வீட்டில் அப்போது நான்கு கைகள் இருந்தன, ஒன்றுகூட உதவாது. மணி மறுபடி அடித்தது. கட்டடத்தில் யாராவது எட்டிப் பார்ப்பதற்குள் திறந்தாக வேண்டும்.

புருஷன் வாளியை மார்போடு அணைத்தபடி எழுந்தார். கைப்பிடியை முழங்கையால் அமுக்கினார். கதவு இடுக்கில் தோளைக் கொடுத்து இழுத்துத் திறந்தார். இடது தோள் ஒரு பொடி சாய்ந்திருந்தது.

வாசலில் கேம்காரி. சொல்லாமல் கொள்ளாமல் வேலை எந்த மட்டில் இருக்கிறதென்று பார்க்க வந்தவள், அவரை மேலும் கீழும் பார்த்தாள். அப்புறம் வாயைப் பிளந்தாள்.

"கோட்டுக்காரர்!" என்றாள். "அக்கா! அண்ணாதான் கோட்டுக்காரர்! அந்தத் தோள், அந்தக் கதவு... ஆனா அந்த வாளி?"

இனி மறைக்க ஒன்றுமில்லை. பல்லுக்காரி கூழ் சொட்டச் சொட்ட நடுவீட்டில் நின்றாள். கொலைகாரன் கடைசிப் பக்கத்தில் ஒப்புக்கொள்வானே, அந்தக் குரலில் சொன்னாள்:

"எனக்குக் கை வரைய வராதும்மா."

"என்னது?"

"வராது. எப்பவுமே வராது. அதான் பைக்குள்ள வச்சேன்."

"ஏழு புத்தகமாவா?"

"ஏழு புத்தகமாதான்."

கேம்காரி நாற்காலியைத் தேடி உட்கார்ந்தாள். "அக்கா, அந்தப் பையைப் பத்தி நான் மேலிடத்துக்கு நாலு பக்கம் எழுதிக் குடுத்திருக்கேன். 'தன் மனசாட்சியையே பைக்குள் வைத்துப் பூட்டிய மனிதன்'னு. அதைப் படிச்சு எங்க பெரியவர் கண் கலங்கினாரு." அப்புறம் அவள் தோள் குலுங்க ஆரம்பித்தது. அழுகிறாளோ என்று புருஷன் வாளியோடு பதறினார். அவள் சிரித்துக்கொண்டிருந்தாள். சிரிப்பு அவளிடமிருந்து பல்லுக்காரிக்குத் தொற்றி, பல்லுக்காரியிடமிருந்து புருஷனுக்குத் தொற்றி, "ஆட்டாதீங்க, ஆட்டாதீங்க!" என்று பல்லுக்காரி சிரிப்புக்கு நடுவே கத்த வேண்டியதாயிற்று.

கூழ் இறுகியது. கையை மெல்ல உருவினார்கள். குழிக்குள் மாவு ஊற்றி, அது உறைந்ததும் ரப்பரை உரித்தார்கள். உள்ளேயிருந்து வெள்ளை வெளேரென்று இரண்டு கைகள் வந்தன. ரேகைகூடப் பதிந்திருந்தது. பத்து வருடத்துக்கு முன்னால் லிஃப்ட் கதவு நசுக்கிய வலது சுண்டுவிரல், கொக்கி மாதிரி வளைந்தது வளைந்தபடியே இருந்தது.

கேம்காரி திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு உதட்டைப் பிதுக்கினாள். "அழகா இருக்கு. ஆனா இது அண்ணா கை. கோட்டுக்காரர் கை இல்ல. அதுவும் இல்லாம, ஏழு புத்தகம் காத்திருந்தவங்ககிட்ட சும்மா ஒரு கையை நீட்டினா அடிக்க வருவாங்க அக்கா. அந்தக் கையில ஏதாவது ஒரு ரகசியம் இருக்கணும். ஆறு நாள் இருக்கு. சாவி எடுக்கறது வலது கைதான். அந்த ஒண்ணு போதும்."

திங்கட்கிழமை பல்லுக்காரி மாவுக்கையைத் துணியில் சுற்றிக் கூடத்துக்கு எடுத்துப் போனாள். மதிய இடைவேளையில், பெருவிரல் பக்கம் துருத்திக்கொண்டிருந்த ஒரு மாவுக் கொப்புளத்தைச் சுரண்டலாம் என்று செதுக்குக் கத்தியை எடுத்தாள். சுரண்டினாள். சுரண்டிய இடத்தில் வெளிச்சம் வேறு மாதிரி விழுந்தது. இன்னும் கொஞ்சம் சுரண்டினாள். பிறகு அதை அப்படியே வைத்துவிட்டு, அதைப் பார்த்துப் பார்த்து மெழுகில் புதிதாக ஒரு கையைச் செதுக்கத் தொடங்கினாள்.

தாளில் ஏழு வருடம் அவளை அழவைத்த அதே ஐந்து விரல்கள், மெழுகில் பசு மாதிரி சொன்னபடி கேட்டன. ஈறிலிருந்து பல் எழுவதுபோல உள்ளங்கையிலிருந்து விரல் எழுந்தது. முட்டிக்கு முட்டி ஒரு மேடு, ஒரு பள்ளம். விரல்களை மெலியவைத்தாள். மழையில் ஊறிய தோலுக்கு ஒரு சுருக்கம் கொடுத்தாள். சுண்டுவிரலை மட்டும் புருஷனுடையது மாதிரியே வளைத்தாள். ரகசியம் வேண்டும் என்றார்களே, ஏதோ நம்மால் முடிந்தது என்று. வரையத்தான் வராது அவளுக்கு. செதுக்க வராது என்று யார் சொன்னார்கள்? வரைய வேண்டும் என்று அந்தக் கேம்காரியும் சொல்லவில்லையே! திரையில் திரும்பித் திரும்பி நடக்கிற ஆளுக்குத் தட்டையான படம் எதற்கு, உருண்டு திரண்ட உருவம்தானே வேண்டும்? புதன்கிழமை மதியம் கை முடிந்தபோது, அவள் கண்முன்னால் கோட்டுக்காரர் உட்கார்ந்து கையை நீட்டியிருப்பதுபோலவே இருந்தது.

இதைக் கணினிக்குள் ஏற்ற வேண்டும். அதற்கும் கூடத்திலேயே வழி இருந்தது. தாடைகளை எல்லாப் பக்கமும் படமெடுத்து உருவமாகவே கணினிக்கு அனுப்புகிற ஸ்கேனர் ஒன்று முதலாளி அறையில் இருந்தது. வியாழக்கிழமை பல்லுக்காரி துணிந்து உள்ளே போனாள். முதலாளி எதையோ படித்துக்கொண்டிருந்தவர், சட்டென்று மேஜை இழுப்பறைக்குள் தள்ளினார். அப்புறம் மூக்குக் கண்ணாடியை ஏற்றிவிட்டு அவள் கையிலிருந்ததைப் பார்த்தார்.

"இது எந்த டாக்டர் அனுப்பின வாய்?"

"வாய் இல்ல சார். கை."

"யார் கை?"

"கோட்டுக்காரர் கை."

முதலாளி எழுந்து நின்றுவிட்டார். கையை இரு கைகளாலும் வாங்கினார். திருப்பினார். உள்ளங்கை, புறங்கை, நக இடுக்கு எல்லாம் பார்த்தார். முகம் வாடிப் போனது. "ரத்தக்கறை இல்லையா?" என்றார்.

பல்லுக்காரி இழுப்பறையைப் பார்த்தாள். ஏழாவது புத்தகத்தின் அட்டை மூலை வெளியே நீட்டிக்கொண்டிருந்தது. முதலாளி அதை முழங்காலால் உள்ளே தள்ளினார். ஸ்கேனர் கிடைத்துவிட்டது.

ஒரே சிக்கல், அது தாடை வைக்கிற தட்டு. முழுக் கை நுழையாது. பல்லைக் கடித்துக்கொண்டு, சுடவைத்த கத்தியால் ஐந்து விரலையும் தனித்தனியாக அறுத்தாள். உள்ளங்கையையும் விரல்களையும் ஒவ்வொன்றாக வைத்துப் படமெடுத்து, விரல்களுக்கு எண் போட்டாள். பல் கூடத்தில் எண் உடம்பின் நடுக்கோட்டிலிருந்து தொடங்கும். நடு முன்பல் ஒன்று, அங்கிருந்து கடைவாய்க்குப் போகப் போக இரண்டு, மூன்று. மல்லாந்த வலது கையையும் பழக்க தோஷத்தில் அப்படியே எண்ணினாள். உடம்புக்குப் பக்கத்தில் இருக்கும் சுண்டுவிரல் ஒன்று. மோதிர விரல் இரண்டு. நடுவிரல் மூன்று. ஆள்காட்டி நான்கு. ஒதுங்கி நிற்கும் கட்டைவிரல் ஐந்து. அனுப்பிவிட்டாள். கேம்காரர்கள் எந்தப் பக்கத்திலிருந்து எண்ணுவார்கள் என்று கேட்கத் தோன்றவில்லை; பல்லை எங்கிருந்து எண்ணுவது என்று பதினாறு வருடத்தில் யாரும் அவளைக் கேட்டதில்லை.

வெள்ளிக்கிழமை சாயங்காலம் கேம்காரியிடமிருந்து பதில் வந்தது. "அக்கா!!! எப்படி அக்கா!!! மேடையிலேயே பாருங்க!!!" ஆச்சரியக்குறிகளை எண்ணிப் பார்த்துவிட்டுப் பல்லுக்காரி நிம்மதியாகத் தூங்கினாள்.

சனிக்கிழமை காலை கண்காட்சி அரங்கில் நிற்க இடமில்லை. காலரைத் தூக்கிவிட்ட கோட்டுகளோடு ஒரு கும்பலே வந்திருந்தது, வெளியே வெயில் கொளுத்துகிறது என்பதையும் பொருட்படுத்தாமல். மூன்றாவது வரிசையில் தொப்பியை மூக்கு வரை இறக்கிவிட்டு உட்கார்ந்திருந்தவர் பல் கூடத்து முதலாளி என்பது அவர் மட்டும் அறிந்த ரகசியம் என்று அவர் நினைத்துக்கொண்டிருந்தார். மேடையில் விளையாட, விரல் இல்லை கட்சியின் தலைவரை அழைத்தார்கள். நரைத்த தாடி வைத்த தபால்காரர். விளையாட்டுக் கருவியை வாங்குமுன் அவர் கையைச் சட்டையில் துடைத்துக்கொண்டார்.

திரையில் மழை. தெரு. கதவு, தோளால் தள்ளினார். மேஜை. சாவி. தபால்காரர் பட்டனை அழுத்தினார்.

கோட்டுப் பை அசைந்தது. ஏழு புத்தகமாக வெளியே வராத கை மெல்ல வெளியே வந்து, விளக்கு வெளிச்சத்தில் விரிந்தது.

கோட்டுக் கும்பல் மொத்தமும் கழுத்தை நீட்டியது.

கட்டைவிரல் சரியான இடத்தில் இருந்தது. அதற்குப் பக்கத்தில், ஆள்காட்டி விரல் இருக்க வேண்டிய இடத்தில், கொக்கியாக வளைந்த சுண்டுவிரல் நின்றது. அப்புறம் மோதிர விரல், நடுவிரல். கை முடிகிற ஓரத்தில் ஆள்காட்டி தனியாகப் பரிதாபமாக நின்றது.

"ஏம்மா," என்று புருஷன் கிசுகிசுத்தார், "என் சுண்டுவிரல் எங்க போய் நிக்குது பாரு."

பல்லுக்காரிக்கு உடம்பெல்லாம் வேர்த்தது. "எண்ணு... நான் பல்லு எண்ணற மாதிரி எண்ணிட்டேங்க. அவங்க கட்டைவிரலை மட்டும் அடையாளம் கண்டு வச்சுட்டு, மத்த நாலையும் அந்தப் பக்கமிருந்து வரிசையா ஒட்டிட்டாங்க. போச்சு. எல்லாம் போச்சு." கோட்டுக்காரர் அந்த வேகமாக வரைகிற ஓவியரோடு கைகோத்துக்கொண்டு மழையில் நடந்து போவது அவள் கண்ணில் தெரிந்தது. கைக்கு எட்டியது வாய்க்கு எட்டவில்லை. அதிலும் வாய் வேலை பார்க்கிறவளுக்கே இந்தக் கதி.

அப்போது தபால்காரர் எழுந்தார். கருவியை மார்போடு அணைத்துக்கொண்டு, தழுதழுத்த குரலில் கத்தினார்:

"விரலை வெட்டி மாத்தித் தச்சிருக்காங்கய்யா!"

அரங்கம் வெடித்தது.

"அதான் மூணாவதுல கையெழுத்துப் போடல! பேனா பிடிக்க முடியாது!" என்று சோடாபுட்டிக் கண்ணாடி போட்ட ஒரு பெண் நாற்காலி மேல் ஏறினாள்.

"அதான் விலங்கை அவனையே மாட்டிக்கச் சொன்னாரு! கையைக் காட்டினா ஆள் யாருன்னு தெரிஞ்சுடும்!"

"அதான் மணியை முழங்கையால அடிச்சாரு! முதல் புத்தகத்துல, முதல் பக்கத்துல! அப்பவே சொல்லியிருக்காங்கடா!"

"அப்ப தச்சது யாரு?" என்று மூன்றாவது வரிசையிலிருந்து ஒரு தொப்பி அலறியது. அதைக் கேட்டதும் அரங்கம் ஒரு கணம் அடங்கி, இரு மடங்காகக் கத்தியது. விரல் இல்லை கட்சியும் ரத்தக்கறைக் கட்சியும் கட்டிப் பிடித்துக்கொண்டு அழுதன. ஏழு வருடம் வராத வேலையை மறைக்க அவள் போட்ட ஒவ்வொரு இருட்டும், அந்தப் பிள்ளைகள் வாயில் ஒவ்வொரு துப்பாக மாறிக்கொண்டிருந்தது.

கேம்காரி ஓடி வந்து பல்லுக்காரியைக் கட்டிக்கொண்டாள். "எங்க பெரியவர் கீழ உக்காந்து அழறாரு அக்கா. இனிமே கோட்டுக்காரர் மேல வேற யாரும் பென்சில் வைக்கக் கூடாதுன்னு சொல்லிட்டாரு! அந்தக் கோப்பைத் திறந்து ஒட்டினப்ப எங்க மூணு பேருக்கும் மயிர்க்கூச்செடுத்துடுச்சு. அடப்பாவி, இதுதானா ரகசியம்னு! ஆனா நீங்க இருக்கீங்களே... அன்னிக்குக் கை வரைய வராதுன்னு சொன்னப்ப நானும் நம்பிட்டேன். என்ன நடிப்பு!"

"இல்லம்மா, நிஜமாவே எனக்கு..."

"போதும் அக்கா, போதும். வாளியெல்லாம் வச்சு!"

பல்லுக்காரி புருஷனைப் பார்த்தாள். லிஃப்ட்காரர் வாயில் மறுபடி பூட்டு விழுந்திருந்தது. கண் மட்டும் சிரித்தது.

மேடைக்கு இழுத்துப் போனார்கள். ஒலிபெருக்கியை நீட்டிக் கேட்டார்கள்: "முதல் புத்தகம் வரையும்போதே உங்களுக்கு இது தெரியுமா?"

உண்மையைச் சொல்லலாம். சொன்னாலும் ஒரு பயல் நம்பப்போவதில்லை. பல்லுக்காரி கூட்டத்தைப் பார்த்தாள். தபால்காரர் கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தார். அவர் சிரித்தபோது மேல் வரிசையில் இரண்டு பல் தெரிந்தது. அவள் செய்ததுதான், ஆறு வருடத்துக்கு முன்னால், உறுதியாக நிற்கிறது. அவள் தன் இரண்டு கைகளையும் உடுப்பின் பைகளுக்குள் மெல்ல விட்டுக்கொண்டாள். புன்னகைத்தாள். அந்தக் கைதட்டலுக்குக் கூரைத் தகடு கடகடத்ததாகப் பார்த்தவர்கள் சொன்னார்கள்.

இப்போது எட்டாவது புத்தகம் நடந்துகொண்டிருக்கிறது. அந்த விரலைத் தைத்தது யார் என்பதுதான் கதை. சாப்பாட்டு மேஜையின் அந்த மூலையில் ஒரு நிழல்கூட விழுவதில்லை. பக்கத்துக்குப் பக்கம் கைதான். பெரிதாக, நட்ட நடுவில், விளக்கு வெளிச்சத்தில். வாழைச் சீப்பு மாதிரி ஒன்று, நண்டு மாதிரி ஒன்று, அந்தப் பழைய மண்வெட்டிகூட ஓரிடத்தில் வந்துவிட்டது. தபால்காரருக்கு முன்னோட்டமாக இரண்டு பக்கம் அனுப்பினார்கள். "இந்தக் கையில்தான் எவ்வளவு வலி!" என்று மூன்று பக்கக் கடிதம் போட்டிருக்கிறார்.

புருஷன்தான் பாவம். அச்செடுத்தது அவர் கையில்தான் என்ற செய்தி கட்டடம் முழுக்கப் பரவிவிட்டது. எப்படிப் பரவியது என்று கேட்கக் கூடாது. ஊர் வாய்க்கு மூடி கிடையாது. லிஃப்டில் ஏறுகிறவர்களெல்லாம் குனிந்து அவர் விரல்களை ஒருமுறை எண்ணிப் பார்த்துவிட்டுத்தான் எந்த மாடி என்று சொல்கிறார்கள். பொறுத்துப் பொறுத்துப் பார்த்துவிட்டு, மனிதர் இப்போதெல்லாம் இரண்டு கையையும் சட்டைப் பைக்குள் விட்டுக்கொண்டுதான் நடக்கிறார். பொத்தானை முழங்கையால் அழுத்துகிறார். வீட்டுக் கதவைத் தோளால் தள்ளிக்கொண்டு உள்ளே வருகிறார்.

"காப்பியாவது கையால எடுத்துக் குடிங்க," என்கிறாள் பல்லுக்காரி, தலையைத் தூக்காமல் ஒரு நண்டுக்கு நகம் வரைந்தபடி.

"பொறுத்திருந்து பாரு," என்கிறார் அவர்.